டிராகுலாவுக்கும் ரமேஷுக்கும் ஒரே நம்பர்!

மாப்பிள்ளைக்குப் பெயர் ராசி பார்க்கிறோம். கடைக்குப் பார்க்கிறோம். ஸ்கூட்டர் நம்பரைக்கூடக் கூட்டிப் பார்க்கிறோம். ஊரையே நடுங்க வைத்து, தியேட்டர் கல்லாவையும் நிரப்பிய சினிமா வில்லன்களுக்குப் பார்த்தால் என்ன தப்பு?

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. கீரோ என்ற ஐரிஷ்காரர் பிரபலப்படுத்திய கணக்கு இது. நம்ம ஊர் நியூமராலஜியிலும் சக்கைப்போடு போடுகிற கணக்கு. ஆங்கில எழுத்துக்களில் ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் - 1. கே, ஆர், ‘பாபு’வின் பி - 2. சி, ஜி, எல், எஸ் - 3. எம்-மும், ‘டி’ என்று வாயில் வருகிற இரண்டு எழுத்தும் - 4. இ, ஹெச், என், எக்ஸ் - 5. யு, வி, டபிள்யூ - 6. ஓ, இஸட் - 7. எஃப், ‘பழனி’யின் பி - 8. ஒன்பது யாருக்கும் கிடையாது. அது புனிதமான எண்ணாம்!

முதல் போணி, டிராகுலா. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் நாவலில் பிறந்த பிரபு. டி 4, ஆர் 2, ஏ 1, சி 3, யு 6, எல் 3, ஏ 1. மொத்தம் 20.

இருபதுக்குக் கீரோ சொல்லும் சின்னம் என்ன தெரியுமா? தேவதை ஒன்று எக்காளம் ஊத, கல்லறையிலிருந்து ஆண், பெண், குழந்தை எழுந்து வருகிறார்கள்! ராத்திரியானால் சவப்பெட்டியைத் திறந்துகொண்டு கிளம்புகிற ஆசாமிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

இன்னும் கேளுங்க. ‘தி ஓமன்’ (1976) படத்தின் சாத்தான் பிள்ளை டேமியன் - 20. ‘சைல்ட்ஸ் ப்ளே’ (1988) படத்தின் கொலைகார பொம்மை சக்கி - அதுவும் 20!

‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ படங்களின் ஜேசன்? எத்தனை தடவை கொன்றாலும் அடுத்த பாகத்தில் ஆஜராகிவிடுவான். கூட்டினால் 17. கீரோ இதை ‘சாகாத எண்’ என்கிறார். 1-ம் 7-ம் சேர்ந்தால் 8. சனி பகவான் எண்!

புல்லரிக்கிறதா? கொஞ்சம் பொறுங்க ஸார்.

ரமேஷ் செய்த பாவம் என்ன?

அடுத்த மேஜை ரமேஷைக் கூட்டிப் பாருங்க. ஆர் 2, ஏ 1, எம் 4, இ 5, எஸ் 3, ஹெச் 5. மொத்தம் 20!

டிராகுலா, டேமியன், சக்கி, ரமேஷ். நாலு பேரும் ஒரே ரேஷன் கார்டு! இந்த ரமேஷோ கொசு அடிக்கக்கூட யோசிக்கிற மனுஷன்.

சரி, பரிகாரமாக ஒரு ‘ஏ’ கூட்டலாமே? 21 வரும். அது 1922-ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தின் ரத்தக்காட்டேரி ஆர்லோக். ஒரு ‘எஸ்’ கூட்டினால் 23. மனிதக் கறி தின்னும் டாக்டர் ஹானிபல். ஒரு ‘எம்’ கூட்டினால் 24. கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி. கடைசி ‘ஹெச்’சையே வெட்டிவிட்டால் 15. ‘ஹாலோவீன்’ கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் குடும்பப் பெயர்! பாவம் ரமேஷ், எந்தப் பக்கம் ஓடினாலும் பேய் வீடுதான்.

சுரேஷ்குமார்கள் சிரிக்க வேண்டாம். சுரேஷ் 24, குமார் 15. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) நாயகன் நார்மன் பேட்ஸ்? நார்மன் 24, பேட்ஸ் 15. பைசா பிசகாமல் டேலி ஆகிறது!

விஷயம் இவ்வளவுதான். ஐந்தாறு எழுத்துப் பெயர் எதைக் கூட்டினாலும் பெரும்பாலும் பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில்தான் விழும். உலகத்தில் இருக்கிற பெயர்களெல்லாம் இந்த இருபது பெட்டிக்குள் அடைய வேண்டுமென்றால், ஒரே பெட்டியில் பேயும் இருக்கும், பி.காமும் இருக்கும்.

அப்படியும் பலன் பொருந்தவில்லையா? பின் வாசல் திறந்தே இருக்கிறது. டிராகுலா 20, அதாவது 2. சந்திரன் எண், மென்மையான சுபாவமாம்! ரத்தம் குடிக்கிறவனுக்கு இது ஒத்துவரவில்லையே என்றால், முன்னால் ‘கவுண்ட்’ என்ற பிரபு பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 45 வரும், அதாவது 9. செவ்வாய், போர், ரத்தம். ஆஹா, பொருந்திவிட்டது! முதல் பெயர், முழுப் பெயர், பட்டம், பிறந்த தேதி என்று நாலு சாவி கையில் இருந்தால் ஏதாவது ஒன்று பூட்டைத் திறக்காமலா போகும்?

நல்ல நம்பராவது காப்பாற்றுமா? ஆர்லோக் கதையைக் கேளுங்க. டிராகுலா கதையை உரிமை வாங்காமல் படமாக்கிய ஜெர்மன் கம்பெனி, பெயர்களை மாற்றியது. 20 போய் 21 வந்தது. கீரோ கணக்கில் வெற்றியும் கௌரவமும் தரும் எண்! நடந்தது என்ன? ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். கம்பெனி திவால். 1925-ல் பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொன்னது கோர்ட். அங்கங்கே தப்பிய பிரதிகளால்தான் படம் பிழைத்தது.

மைக்கேல் மையர்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. 1978-ல் ‘ஹாலோவீன்’ எடுத்த ஜான் கார்ப்பென்டர், தன் முந்தைய படத்தை இங்கிலாந்தில் வெளியிட்ட விநியோகஸ்தரின் பெயரையே நன்றிக்கடனாகக் கொலைகாரனுக்கு வைத்துவிட்டார். அதே பெயர். அதே எண். ஒருவர் படம் விற்றார். இன்னொருவன் திரையில் கத்தி பிடித்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரமாக இருந்தால் பரவாயில்லை. ஆனால், எட்டு என்று தெரிந்ததும் ஜாதகக் கட்டைத் திருப்பி அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓர் எழுத்தை வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்காக கெஜட், பேங்க், பான் கார்டு, பாஸ்போர்ட் என்று லீவு போட்டு அலைகிறார்கள். நடுவில் ஒன்றில் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டால், அந்தச் சனி எந்தக் கிரகத்திலும் சேராது.

கடைசியாக ஒரு கூட்டல். இந்தக் கணக்கைப் பிரபலப்படுத்திய கீரோவே புனைபெயர்தான். அசல் பெயர் வில்லியம் ஜான் வார்னர். ‘கீரோ’வின் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டினேன்: சி 3, ஹெச் 5, இ 5, ஐ 1, ஆர் 2, ஓ 7. மொத்தம் 23. ராஜயோக எண்!

ஹானிபலுக்கும் அதே 23 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ரமேஷுக்குத் தைரியமாகப் பெண் கொடுங்க.