கல்லறைக் கல்லும் ஊர் வரலாறும்: மரபு நடையில் மொழிபெயர்ப்பின் இடம்

ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூர் மக்களே வகுப்பில் கேட்டும் தெருவில் நடந்தும் கற்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் தமிழகத்தில் வேரூன்றி வருகிறது. சென்னையில் 2004ஆம் ஆண்டு எஸ். முத்தையா முதலிய ஆர்வலர்கள் தொடங்கிய சென்னை நாள் கொண்டாட்டம் இதற்குப் பெரிதும் துணை செய்தது. 1639 ஆகஸ்டு 22ஐ நினைவுகூரும் அந்நாளை ஒட்டி நடைபெறும் சொற்பொழிவுகளும் ‘மரபு நடை’ எனப்படும் சுற்றுலாக்களும் இன்று பிற ஊர்களிலும் பின்பற்றப்படுகின்றன. கோட்டை, கோயில், பழைய சந்தை ஆகியவற்றோடு கல்லறைத் தோட்டங்களும் இந்நடைகளில் இடம்பெறுகின்றன. ஓர் ஊரில் யார் வந்து தங்கினர், எவ்வளவு காலம் வாழ்ந்தனர், எந்த நோயில் அல்லது போரில் மாண்டனர், எந்த மொழியில் துயரப்பட்டனர் என்பனவற்றை ஒரே இடத்தில் காட்டக்கூடியது கல்லறைத் தோட்டம்.

ஆயினும் கல்லறை நடைக்கு வருவோர் கல்லைப் படிப்பது அரிது. அவர்கள் கேட்பது வழிகாட்டியின் உரையைத்தான். கல் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஆர்மீனிய மொழியிலோ இருக்க, உரை தமிழில் அமைகிறது. ஆகவே கல்லறை நடை என்பது அடிப்படையில் ஒரு வாய்மொழி மொழிபெயர்ப்பு நிகழ்ச்சியாகும். இதனை வரலாற்றாசிரியர்கள் கவனித்த அளவுக்கு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கவனித்ததாகத் தோன்றவில்லை. உரை மூலத்திலிருந்து விலகினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழுலகம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு.

போப்பின் கல்லறை

ஜி. யு. போப் தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்குமாறு கேட்டுக்கொண்டார் என்பதும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்பதும் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. போப் 1908 பிப்ரவரி 11 அன்று மறைந்து ஆக்ஸ்போர்டிலுள்ள புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல் இன்றும் அங்கு உள்ளது. அதில் ‘மாணவன்’ என்ற சொல் இல்லை, உறக்கமும் இல்லை, தமிழ் எழுத்து எதுவும் இல்லை. உள்ள வாசகம் ஆங்கிலத்தில் அமைந்தது. அது அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவராக அறிமுகப்படுத்துகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்ததையும் பேலியல் கல்லூரியில் சமயப்பணி ஆற்றியதையும் குறிப்பிடுகிறது. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டியதாகக் கூறுகிறது.

இக்கதை எவ்வாறு தோன்றியது என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை. ஆனால் அதன் மொழியமைப்பு ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஸ்டூடண்ட்’ என்னும் சொல் பள்ளி மாணவனையும் குறிக்கும். ஒரு துறையை வாழ்நாள் முழுதும் ஆழ்ந்து பயில்பவரையும் குறிக்கும். தமிழில் ‘மாணவன்’ என்பதற்கு இரண்டாம் பொருள் இல்லை. ஆசிரியர் ஒருவர் எதிரே இருந்தால்தான் மாணவன் உண்டு. எனவே ‘தமிழ் மாணவன்’ என்ற தொடரில் தமிழே ஆசிரியராகி, திருக்குறளையும் (1886) நாலடியாரையும் (1893) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் தந்த முதியவர் அதன் முன் பணிந்து நிற்கிறார். கேட்போர் நெஞ்சைத் தொடுவது இந்தப் பணிவே. கதையின் ஆற்றலை மறுக்க வேண்டியதில்லை.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. உண்மைக் கல்லில் ‘தமிழ் நண்பர்கள்’ இருக்கிறார்கள். கடல் கடந்து ஒரு கல்லை நாட்டப் பங்களித்த தமிழர்கள் அவர்கள். கதையில் அவர்கள் மறைந்துவிடுகின்றனர். எஞ்சுவது தனியொருவரின் விருப்பம் மட்டுமே. பொய்யான வாசகம் மெய்யான வாசகத்தைவிட அழகாக இருக்கலாம். ஆனால் அது தமிழரைச் செயல்படுவோர் என்ற நிலையிலிருந்து கேட்டு மகிழ்வோர் என்ற நிலைக்கு இறக்கிவிட்டது. கல்லின் முன் நின்று ஒருவர் அதை உரக்கப் படித்திருந்தால் இக்கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கல்லைப் படித்தல்

உரக்கப் படிப்பதும் எளிதன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் கல்லறைக் கற்கள் தளமாகப் பாவப்பட்டுள்ளன. 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் அவற்றுள் பழமையானவற்றுள் ஒன்று. பார்வையாளர் பலர் அக்கற்களுக்குக் கீழே உடல்கள் இருப்பதாக எண்ணி விலகி நடப்பதுண்டு. உண்மையில் அவை கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர்நீதிமன்ற, சட்டக்கல்லூரி வளாகப் பகுதியில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1758–59இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அவ்விடுகாட்டின் கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. முற்றுகைக்குப் பின் அவை அகற்றப்பட்டுக் கற்கள் தேவாலயத்துக்குப் பெயர்ந்தன. எலிஹு யேல் தம் நண்பர் ஜோசப் ஹின்மர்ஸுக்கும் தம் இளம் மகன் டேவிடுக்கும் எழுப்பிய நினைவுச்சின்னம் பழைய இடத்திலேயே தங்கியது. அதனை இடம் மாற்றுவது குறித்த வழக்கு 2023இல் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. ‘இங்கே’ என்று தொடங்கும் கல் இடம் மாறிய பின் அச்சுட்டுச்சொல் எதைச் சுட்டுகிறது என்பது மொழியியலார் வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தத்தக்க வினா.

கல்லின் சொற்களும் வழுக்கும் இயல்புடையவை. கும்பெனிப் பணியாளரின் கல்லில் ‘ரைட்டர்’ என்றிருந்தால் அதை ‘எழுத்தாளர்’ எனப் பெயர்த்துவிடும் வழிகாட்டிகள் உண்டு. அவர் கதையோ கவிதையோ எழுதியவர் அல்லர். கும்பெனி ஊழியத்தின் கடைப்படியில் கணக்கும் கடிதமும் எழுதிய இளைஞர். தமிழகக் காவல் நிலையத்தில் இன்றும் வழங்கும் ‘ரைட்டர்’ அவருக்கு நெருங்கிய உறவினர். எனவே அச்சொல்லைப் பெயர்க்காமல் விடுவதே சிறந்த மொழிபெயர்ப்பு. அடுத்த படியான ‘பாக்டர்’ வணிக முகவர். கணக்குப் பாடத்தின் காரணியுடன் அவருக்குத் தொடர்பில்லை. வயதைக் கூறும் இலத்தீன் தொடர் முப்பதாம் ஆண்டு என்று சொன்னால், இறந்தவர் முப்பது ஆண்டுகள் நிறைவு செய்தவர் என்பதில்லை. முப்பதாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தவர். ‘முப்பது நடக்கிறது’ என்னும் தமிழ்ப் பேச்சுவழக்கு அதற்குத் துல்லியமாகப் பொருந்துகிறது. 1752 வரை ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கியதால், அதற்கு முற்பட்ட கற்களில் சனவரி, பிப்ரவரி மரணங்கள் இன்றைய கணக்கில் ஓராண்டு பின்தங்கிக் காணப்படலாம். இவற்றை நடையின்போது வெயிலில் நின்று விளக்க இயலாது. நடைக்கு முன் வகுப்பு வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இக்கற்களை முறையாகத் தொகுத்தவர் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன். சென்னை மாகாணக் கல்லறை, நினைவுச்சின்ன வாசகங்களின் பட்டியலை அவர் 1905இல் வெளியிட்டார். கல்லறை நடை நடத்துவோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். எனினும் வரலாற்றுச் சிறப்புடையவை என்று அவர் கருதியவை பெரும்பாலும் ஐரோப்பியர் கற்களே. தமிழில் எழுதிய உபதேசியாரின் கல்லும் ஆசிரியையின் கல்லும் அத்தகைய பட்டியலுக்கு வெளியே நின்றன. ஆகவே நடைக்கு வெளியேயும் நிற்கின்றன.

எந்த மொழியில் பொறிப்பது என்பதே சில இடங்களில் வரலாற்றுச் செய்தியாகிறது. 1798இல் மறைந்த சுவார்ட்சுக்குத் தஞ்சையில் இட்ட கல்லுக்குரிய செய்யுளை மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலத்தில் இயற்றினார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மன்னர், தமிழ் வழங்கும் ஊரில், செருமானிய ஆசானுக்காக, ஆங்கிலத்தில் புலம்பியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை எத்தகைய ஊராக இருந்தது என்பதை விளக்க வேறு பாடம் தேவையில்லை. 1819இல் இராமநாதபுரத்தில் இறந்த எல்லிசனுக்கோ ஆங்கில வாசகமும் உண்டு, தமிழ்ச் செய்யுளும் உண்டு. தமிழ்ச் செய்யுள் ஆங்கிலத்தின் பெயர்ப்பன்று. குறளுக்கு அவர் செய்த பணியை அது தமிழ்ப் புலவர் மரபில் நின்று பாராட்டுகிறது. ஆங்கிலம் மட்டும் படித்துக் காட்டும் வழிகாட்டி பாதி மனிதரையே காட்டுகிறார். சென்னை ஆர்மீனியத் தேவாலயத்தில் அடங்கியுள்ள அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோனியன், உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ என்பதனை 1794இல் அவ்வூரிலிருந்தே வெளியிட்டவர். அச்செய்தி தெரியாதவருக்கு அவர் கல் புரியாத எழுத்துகளின் வரிசை மட்டுமே.

தமிழ்க் கல்லின் இலக்கணம்

இறந்தோருக்குக் கல் நாட்டுவது ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கமன்று. காட்சி முதல் வாழ்த்து வரை நடுகல்லின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்கள் தமிழி எழுத்தில் அமைந்தவை. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. அவற்றில் ‘தொறு’ என்ற சொல் மாட்டுமந்தையைக் குறிக்கிறது. ‘பட்டான்’ என்ற வினை போரில் மாண்டதைக் குறிக்கிறது. முடிவில் ‘கல்’ என்று கல் தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்கிறது. எடுத்தனூர்க் கல்லில் ‘கோவிவன்’ என்னும் நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் வீரனின் செய்தியோடு இடம்பெறுகிறது. இன்றைய வழிகாட்டி ‘பட்டான்’ என்பதை ‘வீரமரணம் அடைந்தார்’ என்கிறார். பொருள் சரிதான். ஆனால் ஒரே சொல்லில் மடிந்த வீரனுக்கு மரியாதைப் பன்மையும் அரசு அறிவிப்பின் மணமும் ஏறிவிடுகின்றன.

பிற்காலக் கற்களின் வாய்பாடுகளும் இவ்வாறே கவனத்துக்குரியவை. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற தொடரில் விழித்தெழுதல் பற்றிய நம்பிக்கை அடங்கியுள்ளது. அதனை ‘இறந்தார்’ எனச் சுருக்கினால் அந்த நம்பிக்கை உதிர்ந்துவிடும். தமிழ் முசுலிம்கள் கபுறின் தலைமாட்டில் நடும் கல்லை ‘மீசான்’ என்பர். அரபியில் அச்சொல்லுக்குத் தராசு என்று பொருள். ‘தோற்றம், மறைவு’ என்ற இணையோ சமயச் சார்பின்றி இருபதாம் நூற்றாண்டில் பரவிய நடை. ஒரே தோட்டத்தில் இவ்வாய்பாடுகள் எந்த ஆண்டில் மாறுகின்றன என்று குறித்துக்கொண்டே நடந்தால் ஊரின் மொழி வரலாறு கிடைக்கும்.

கல் இல்லாத ஊர்

இதுவரை கூறியவை கல் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து நவி மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்யும்? கோபர்கைரனே, 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனம் திட்டமிட்ட புதுநகரின் ஒரு பிரிவு. அடுக்குமாடிகளும் எண்ணிட்ட செக்டர்களும் புதியவை. ஊர்ப்பெயரோ அங்கு வாழ்ந்த ஆக்ரி, கோளி மக்களின் பழைய கிராமத்தைச் சுமந்து நிற்கிறது. அங்குள்ள தமிழர் நினைவுகூரும் கல்லறை திருநெல்வேலிப் பக்கத்திலோ தாராவிக்கு அருகிலோ இருக்கலாம். பலருக்கு இல்லாமலே இருக்கலாம். எரிப்போர்க்குக் கல் இல்லை. புதைப்போரிலும் ஏழைகளுக்குக் கல் இல்லை. ஒரு மேடு, சில ஆண்டுகள், பின்னர் அதே குழியில் வேறொருவர். ஆகவே கல்லறை நடை ஊரின் வரலாற்றைக் காட்டுகிறது என்பதைவிடக் கல் செதுக்கக் கூலி கொடுக்க முடிந்தவர்களின் வரலாற்றைக் காட்டுகிறது என்பதே பொருத்தம்.

மும்பையிலேயே 1865இல் தொடங்கிய சிவ்ரி கிறித்தவக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வோர், விக்டோரியா முனையத்தை வடிவமைத்த எப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் அங்கு அடங்கியிருப்பதை அறிவர். அம்முனையத்தில் கல் சுமந்தவர்களின் அடக்க இடத்தை எவரும் சுட்டிக்காட்டுவதில்லை.

இத்தகைய ஊரில் வகுப்பு சொற்களிலிருந்து தொடங்கலாம். மராத்தியில் எரிக்கும் இடம் ‘ஸ்மஷான்பூமி’, புதைக்கும் இடம் ‘தஃபன்பூமி’. தமிழின் சுடுகாடு, இடுகாடு என்ற பழைய வேறுபாட்டை நகராட்சிப் பலகையில் மராத்தி இன்றும் காக்கிறது; தமிழ்ப் பேச்சிலோ ‘சுடுகாடு’ இரண்டுக்குமாகப் பரவிவிட்டது. மரைன் லைன்ஸ் பகுதியின் பழைய இடுகாட்டுக்குச் ‘சோனாப்பூர்’ என்று பெயர். மராத்தியர் காதில் அது பொன்னூர். இந்திக்காரர் காதில் உறங்குமூர். தமிழில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடும். வகுப்பு அடுத்துச் செல்ல வேண்டிய இடம் வீடு. பாட்டியை எங்கே அடக்கம் செய்தார்கள் அல்லது எரித்தார்கள், சாம்பலை எந்த நீரில் கரைத்தார்கள், அவ்விடத்தை வீட்டில் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டு, பேசியவர் சொன்ன ஒலிப்பிலேயே எழுதி, ஊரும் ஆண்டும் சேர்த்து வைப்பது முதற்பணி. கல்லுக்குச் செய்வதைப் போலவே, மூலத்தை முதல் வரியிலும் சொற்பொருளை இரண்டாம் வரியிலும் பெயர்ப்பை மூன்றாம் வரியிலும் எழுத வேண்டும். முதல் வரியை எக்காரணம் கொண்டும் திருத்தலாகாது.