செற்றி வாங்க முன்னம் மெத்தையை நிறுத்துப் பாருங்கள்

வீடு கிடைத்தவுடன் நாங்கள் முதன்முதலில் வாங்கிய பெரிய சாமான் ஒரு செற்றிதான். 2012ஆம் ஆண்டு, மூன்று பேர் இருக்கக்கூடிய சிவப்புச் செற்றி. விளம்பரம் பார்த்து ஒரு வீட்டிலிருந்து 70 பவுணுக்கு எடுத்து, தெரிந்த அண்ணை ஒருவரின் வானில் ஏற்றிவந்து, இரண்டாம் மாடிக்குத் தூக்கி வைத்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அமத்திப் பார்த்துவிட்டு, "நல்ல இறுக்கமாய்க் கிடக்குது, கனகாலம் பாவிக்கலாம்" என்றார்கள். ஏழு மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. மாமி அதில் இருந்தால் எழுப்புவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடம் லண்டனுக்கு மேற்கே ஃபோம் வெட்டும் தொழிற்சாலையொன்றில் எங்களுக்கு வேலை கிடைத்தது. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட எங்களுக்கு ஃபோமைப் பற்றி என்ன தெரியும்? ஊரில் தும்பு மெத்தையும் இலவம்பஞ்சு மெத்தையும்தான். ஃபோம் எல்லாவற்றுக்கும் 'ஸ்பொஞ்' என்று ஒரே பெயர். வாள் மெசினுக்கு முன்னால் நின்று இத்தனை வருடம் வெட்டிய பிறகுதான், அந்தச் சிவப்புச் செற்றி ஏன் எங்களை ஏமாற்றியது என்று விளங்கியது. புதிதாக வீடு எடுக்கும் குடும்பங்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் ஆட்கள் விடும் முதற்பிழை, இறுக்கமாக இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைப்பது. இறுக்கம் வேறு, அடர்த்தி வேறு. இறுக்கத்தை அளப்பதற்கு ஃபோமின் மேல் வட்டத் தகடொன்றை வைத்து, தடிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு உள்ளே போகும்வரை அமத்துவார்கள். அதற்கு வேண்டிய விசையை நியூட்டன் கணக்கில் சொல்வார்கள். பத்து நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ பாரம். அடர்த்தி என்பது ஒரு கன மீற்றர் ஃபோம் எத்தனை கிலோ நிறுக்கும் என்பது. ஃபோம் கடையில் 33/180 என்று எழுதியிருந்தால் 33 கிலோ அடர்த்தி, 180 நியூட்டன் இறுக்கம். அடர்த்தி குறைந்த ஃபோமையும் மருந்துக் கலவையை மாற்றி இறுக்கமாகச் செய்யலாம். அது கடையில் இருந்து பார்க்கும்போது நல்லதாகத்தான் இருக்கும். குமிழிகளின் சுவர் மெல்லியது என்பதால், நாளாந்தம் ஆள் இருந்து எழும்ப அவை உடைந்து நொந்துபோகும். எங்கள் செற்றிக்கு நடந்தது இதுதான்.

இருக்கும் மெத்தைக்கு 35 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள் என்பது எங்கள் வேலைத்தலத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. முதுகுப் பக்கத்துக்கு 20, 25 போதும், அதில் ஆளின் பாரம் முழுதாக விழுவதில்லை. கடைக்காரருக்கு அடர்த்தி தெரியாவிட்டால் நாங்களே பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற தராசு இல்லாத தமிழ் வீடு உண்டா? மெத்தையின் சிப்பைத் திறந்து, ஃபோமை வெளியே எடுத்து அதில் தொங்கவிடுங்கள். 55 சென்ரிமீற்றர் சதுரமும் 12 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள துண்டு 35 கிலோ அடர்த்தி என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ நிறுக்க வேண்டும். முக்கால் கிலோவுக்கும் குறைவாகக் காட்டினால் அது 20 கிலோ ஃபோம், விட்டுவிட்டு வாருங்கள்.

நிறையும் சில வேளை பொய் சொல்லும். இந்த நாட்டில் தீப்பிடிப்பதைக் குறைப்பதற்காக ஃபோமுக்குள் மெலமின் தூள் கலப்பதுண்டு. அதுவும் நிறையில் சேரும், பாரம் தாங்க உதவாது. அதைவிட, நாங்கள் வெட்டிக் கழிக்கும் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அமத்திச் செய்யும் பலநிற ஃபோம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் எங்கள் ஊர்க் கல்லுத்தரை மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். கல்லுப்போலக் கனக்கும். கம்பளத்துக்குக் கீழே விரிக்கவும் இறுக்கமான அடிப்பாகத்துக்கும் அது நல்லது, தனியே அதன்மேல் இருந்தால் இடுப்பு நோகும். எச்.ஆர் என்று சொல்லும் ஃபோம்தான் இருக்கைக்கு எங்களுக்குப் பிடித்தது. குமிழிகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருப்பதால் அமத்தியவுடன் திரும்பி எழும்பும். உருக்குக் குண்டொன்றை அதன்மேல் விழுத்தினால் பாதி உயரத்துக்கும் மேலே துள்ளும். விலை கூட, ஆனால் உழைக்கும். மெமறி ஃபோம் கை வைத்தால் பள்ளமாகி மெதுவாக எழும்பும். குளிரில் அது இறுகிவிடும் என்பதால் ஹீற்றர் போடாத அறைக்கு வாங்க வேண்டாம். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். நீலம், பச்சை எல்லாம் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வசதிக்காகப் போடும் சாயம்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயம். அந்தச் சிவப்புச் செற்றியின் அடியில் துணி லேபல் ஒன்று இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். உரசுது என்று வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தோம். அதற்கு இரண்டு அடி தள்ளித்தான் எங்கள் சாமித் தட்டும் விளக்கும்!

1979ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் நகரில் வூல்வேர்த்ஸ் கடையில் ஃபோம் தளபாடங்களில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். சாதாரண ஃபோம் எரிந்தால் நெருப்புக்கு முந்திப் புகை ஆளைக் கொல்லும். காபன் மொனொக்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் அந்தப் புகையில் இருக்கின்றன. இப்படியான தீவிபத்துகளுக்குப் பிறகுதான் 1988இல் தளபாடத் தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி செய்த செற்றியில் நிரந்தர லேபல் ஒன்று தைத்திருக்கும். அதில் 'கெயார்லெஸ்னஸ் கோசஸ் ஃபயர்', அதாவது கவனக்குறைவால் தீ வரும் என்ற வசனம் இருக்கும். மெத்தை உறைக்கு உள்ளேயோ செற்றியின் அடியிலோ தேடுங்கள். கடைக்காரர் பழைய செற்றி விற்றாலும் இந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும். தர்மக் கடைகள் லேபல் இல்லாததை ஏற்பதில்லை. தன் வீட்டுச் சாமானை விற்கும் தனி ஆளுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு இல்லை, நாங்கள் வாங்கியதும் அப்படியான ஆளிடம்தான். அந்த லேபலின் கதை தெரிந்த அன்று இரவு செற்றியை முன்னறையிலிருந்து வெளியேற்றினோம். மாமி 70 பவுணைப் பற்றி இன்றும் கதைப்பார். லேபல் இருக்கும் செற்றியும் எரியாது என்றில்லை, தீ பிடிக்கவும் பரவவும் நேரம் எடுக்கும் என்பதுதான். விளக்கையும் மெழுகுதிரியையும் தள்ளியே வையுங்கள்.

ஃபோம் தொழிற்சாலையில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. ஃபோம் வார்ப்பது பாண் பொங்குவது போன்றது. திரவங்கள் கலந்ததும் உள்ளே காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிப் பொங்கிக் கட்டையாகும். அந்தக் கட்டையின் நடு 100 பாகைக்கும் மேல் சுடும் என்பதால் ஆறும்வரை தனிக் கொட்டிலில் விடுவார்கள். இறுகி முடிந்த ஃபோம் வேறு, கலக்கும் ரி.டி.ஐ. என்ற திரவம் வேறு. அந்த ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழுதாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும் மூச்சை அடைக்க. வார்க்கும் பகுதியில் நின்ற ஓர் அண்ணை வேலை முடிந்து வந்து இரவிரவாக இருமுவார், லீவு நாட்களில் சுகமாக இருப்பார். "இந்த ஊர்க் குளிர்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருடத்தைக் கடத்தினார். வேலையைப் பற்றி அவர் டொக்டரிடம் சொல்லவில்லை, டொக்டரும் கேட்கவில்லை. இன்று அவரால் மாடிப்படி ஏற முடியாது. முகக்கவசம் கேளுங்கள், காலாகாலத்தில் மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. இங்கிலீஷ் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

செற்றியின் சட்டமும் துணியும் நன்றாக இருந்து மெத்தை மட்டும் நொந்துவிட்டால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஃபோம் வெட்டித் தரும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. தளபாடத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள், சாமான் பொதி பண்ணும் ஃபோம் மலிவு என்று எடுத்துவிட வேண்டாம். பழைய ஃபோமை அளந்தால் அது சுருங்கிப்போயிருக்கும், உறையின் தையலிலிருந்து தையல்வரை அளவெடுத்து ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டிக் கொடுங்கள். அப்போதுதான் மூலைகள் நிரம்பி நிற்கும். உறையில் சிப் இருப்பது ஃபோமை உள்ளே விடத்தான், உறையைத் தோய்ப்பதற்கென்று நினைத்து மெசினில் போட்டால் சுருங்கிவிடும். ஃபோமையும் தோய்க்க வேண்டாம், இந்த நாட்டு வெயிலில் அது காய்ந்து முடியாது. கிழமைக்கு ஒருமுறை மெத்தைகளைப் புரட்டி, ரி.விக்கு முன்னால் இருக்கும் மெத்தையை ஓரத்துக்கு மாற்றி விடுங்கள்.