கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புதா? பேட்டாவுக்கு வரி உண்டா, 182 நாள் கணக்கு என்ன... முழு விளக்கம்

பாஸ்போர்ட் ரெடி. விசா ரெடி. டிக்கெட் கம்பெனி செலவு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எந்தத் தேதியில் விமானம் ஏறுகிறோம் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. செப்டம்பர் 20-ல் கிளம்பினால் ஒரு கணக்கு, அக்டோபர் 10-ல் கிளம்பினால் வேறு கணக்கு. இந்த 20 நாள் வித்தியாசத்தில் லட்சக்கணக்கான ரூபாய் சம்பளம் இந்திய வருமான வரிக்குள் வந்துவிடும்.

வடசென்னைக்கு இது தூரத்து விஷயம் இல்லை. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்டுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பஸ் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டுக்கு இங்கிலாந்தில் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் என்று கப்பல் தொழில் வேறு. ஃபிட்டரோ, இன்ஜினியரோ, கப்பல் ஊழியரோ, கடல் கடந்து வேலைக்குப் போகும்போது வரி விஷயத்தில் என்னென்ன கவனிக்கணும்? பார்க்கலாம்.

அரசு ஊழியருக்கு ஒரு சட்டம், கம்பெனி ஊழியருக்கு ஒரு சட்டம்

"வெளிநாட்டுப் படிக்கு வரி கிடையாதுப்பா" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அது பாதி உண்மைதான். வெளிநாட்டில் பணியாற்றும் இந்தியக் குடிமகனுக்கு அரசு கொடுக்கும் படிகளுக்கும் சலுகைகளுக்கும் முழு விலக்கு உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது பிரிவு 10(7). உதாரணம், தூதரக ஊழியர்கள்.

ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் 'அரசு'. தனியார் கம்பெனி கொடுக்கும் வெளிநாட்டுப் படிக்கு இந்த விலக்கு பொருந்தாது. தூதரகத்தில் இருப்பவரை வைத்து உங்க கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும்.

அப்போ கம்பெனி ஊழியருக்கு எதுக்கெல்லாம் விலக்கு?

* பயணச் செலவு: டூர் அல்லது டிரான்ஸ்ஃபருக்காகக் கம்பெனி கொடுக்கும் பயணப்படி. டிரான்ஸ்ஃபர் என்றால் வீட்டுச் சாமானை மூட்டை கட்டி அனுப்பும் செலவும் இதில் சேரும்.
* பேட்டா: வழக்கமான வேலை இடத்தை விட்டு டூர் போயிருக்கும்போது சாப்பாடு உள்ளிட்ட அன்றாடச் செலவுக்குத் தருவது.
* ஹோட்டல்: டிரான்ஸ்ஃபர் ஆகிப் போன இடத்தில் கம்பெனி ஹோட்டலில் தங்க வைத்தால், மொத்தம் 15 நாள் வரை அது வரிக்கு உட்பட்ட சலுகையாகக் கணக்கிடப்படாது.

முதல் இரண்டும் புதிய வரி முறையிலும் தொடர்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை. செலவு செய்த தொகைக்கு மட்டும்தான் விலக்கு. 1 லட்சம் ரூபாய் பேட்டா வாங்கி 70,000 செலவு செய்தால், மிச்சம் 30,000 வரிக்கு உட்பட்ட சம்பளம். அதனால் பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 3 வாரம் மெஷின் பொருத்தப் போனால் அது டூர். 2 வருஷத்துக்கு அங்கேயே போஸ்டிங் என்றால், அந்த ஊர்தான் உங்க வழக்கமான வேலை இடம். அப்போது மாதாமாதம் வரும் 'லிவிங் அலவன்ஸ்' பேட்டாவா, சம்பளமா என்ற கேள்வி எழும். இதை வைத்து வருமான வரித் தீர்ப்பாயங்கள் வரை வழக்குகள் போயிருக்கின்றன.

முக்கியமான எண்: 182

இந்திய வரிச் சட்டம் குடியுரிமையை மட்டும் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீங்க என்பதைத்தான் பார்க்கிறது. வழக்கமாக 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்க 'ரெசிடென்ட்'. அந்த வருஷம் 60 நாளும், அதற்கு முந்தைய 4 வருஷத்தில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான்.

ஆனால் வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் வருஷத்தில் அந்த 60 என்பது 182 ஆகிவிடும். இதுதான் பெரிய சலுகை.

ஒரு உதாரணம். எண்ணூரில் வேலை பார்க்கும் ஒருவரை அவருடைய கம்பெனி 2 வருஷத்துக்கு அமீரகம் அனுப்புகிறது. அங்கே மாதச் சம்பளம் 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* செப்டம்பர் 20-ல் கிளம்பினால்: இந்தியாவில் இருந்தது 173 நாள். அவர் 'நான் ரெசிடென்ட்'. அமீரகத்தில் செய்த வேலைக்கு அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை.
* அக்டோபர் 10-ல் கிளம்பினால்: 193 நாள். அவர் ரெசிடென்ட். மார்ச் வரை அங்கே வாங்கிய சுமார் 11 லட்சம் ரூபாயும் இந்திய வருமானத்தோடு சேரும்.

புறப்படும் நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் செப்டம்பர் 28 தான் கடைசி நாள். அதிலும், அந்த மார்ச்சுக்குள் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்தால் அந்த நாட்களும் கணக்கில் ஏறும்.

திரும்பி வரும் வருஷத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள்

போகும்போது கிடைத்த 182 நாள் சலுகை, வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்பும்போது பொதுவாகக் கிடைக்காது. பழைய 60 நாள் கணக்கே வரும். 2 வருஷம் மட்டும் வெளியில் இருந்தவருக்கு முந்தைய 4 வருஷத்தில் 365 நாள் எப்படியும் தேறிவிடும்.

டிசம்பர் 15-ல் திரும்பினால் மார்ச் 31-க்குள் 107 நாள். அந்த வருஷம் அவர் ரெசிடென்ட். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அமீரகத்தில் சம்பாதித்ததும் இங்கே வரிக்கு வரும். பிப்ரவரி 1-ல் திரும்பினால் 59 நாள்தான், லீப் வருஷமாக இல்லாவிட்டால். அதே வருஷம் நடுவில் லீவில் வந்திருந்தால் இந்தக் கணக்கும் மாறிவிடும்.

சம்பளம் எந்த அக்கவுண்ட்டுக்கு வருது?

நான் ரெசிடென்ட் ஆன பிறகும் சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்குக்கு வந்தால், 'பணம் முதலில் கையில் கிடைத்த இடம் இந்தியா' என்று சொல்லி வரித்துறை கேள்வி கேட்கலாம். தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் ஊழியர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்தாலும், வழக்கு நடத்துவது லேசான வேலை இல்லை. வேலை செய்யும் நாட்டில் கணக்கு திறந்து, சம்பளத்தை அங்கே வாங்கி, பிறகு வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பான வழி.

அந்த நாட்டிலும் வரி பிடிச்சா?

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. இங்கிலாந்தில் உண்டு. அங்கே வரி கட்டி, இந்தியாவிலும் நீங்க ரெசிடென்ட் என்றால், ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்கும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரும் வரி எவ்வளவோ, அதுவரைதான் கழிக்க முடியும்.

இதற்கு 1961 சட்டப்படி ஃபார்ம் 67 தாக்கல் செய்யணும். 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குக் கடைசி நாள் 2027 மார்ச் 31. ஆனால் வருமான வரிக் கணக்கையும் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்திருக்கணும். இங்கிலாந்தின் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குவதால், இரண்டு நாட்டு ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட மாதவாரி சம்பளச் சீட்டு அவசியம்.

கப்பல் வேலைக்கு என்ன கணக்கு?

கப்பல் ஊழியர்களுக்குத் தனி விதி இருக்கிறது. சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் சேர்ந்த நாள், இறங்கிய நாள் இரண்டும் சிடிசி புத்தகத்தில் பதிவாகும். இடைப்பட்ட காலம் இந்தியாவில் இருந்த நாளாகக் கணக்கிடப்படாது. ஆனால் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகணும், இல்லை அங்கிருந்து வரணும். ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் கடலோரக் கப்பலில் வேலை என்றால் இது கிடைக்காது.

நான் ரெசிடென்ட் கப்பல் ஊழியரின் சம்பளம் இங்குள்ள என்ஆர்இ கணக்குக்கு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது.

மறந்துபோகும் வெளிநாட்டுக் கணக்கு

வேலை முடிந்து ஊருக்கு வந்தாச்சு. அங்கே இருந்த பேங்க் அக்கவுண்ட்டில் கொஞ்சம் பணம் அப்படியே கிடக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோணும். ஆனால் மீண்டும் முழு ரெசிடென்ட் ஆகிவிட்டால், அந்தக் கணக்கை வருமான வரிப் படிவத்தில் காட்டியே ஆகணும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம் இல்லை என்பதற்காகக் காட்டவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

கிளம்பும் முன் ஹெச்.ஆர்-கிட்ட கேட்க வேண்டியவை

* ஆர்டரில் இருப்பது டூரா, டெபுடேஷனா, டிரான்ஸ்ஃபரா?
* சம்பளம் எந்த நாட்டில், எந்தக் கணக்கில் வரும்?
* டிடிஎஸ் இங்கே பிடிப்பீங்களா? வெளிநாட்டு வரியை யார் கட்டுவது?
* கிளம்பும் தேதியைச் சில நாள் முன்னே மாற்ற முடியுமா?
* பிஎஃப் இங்கே தொடருமா? ஜெர்மனி, ஜப்பான் போன்ற ஒப்பந்த நாடுகள் என்றால் இபிஎஃப்ஓ சான்றிதழ் வாங்கித் தருவீங்களா?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறும். ஆனால் நாள் கணக்கின் அடிப்படை அப்படியேதான் இருக்கு. பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைதான் இதற்கு முதல் சாட்சி. அந்தப் பக்கங்களை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வெச்சுட்டு, டிக்கெட் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.