தங்கி நடந்த வழி

மாவடிப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரைச் செவியுறும் தமிழாசிரியரின் உள்ளத்தில் ஒரு மாமரத்தடியும் ஒரு பள்ளியும் தோன்றுதல் இயல்பு. பள்ளி என்ற சொல் படுக்கையையும், தவத்தோர் உறைவிடத்தையும், கல்விக்கூடத்தையும், முஸ்லிம்களின் தொழுகையிடத்தையும் நம் மொழியில் குறிக்கின்றது. இவை யாவும் மனிதன் நடையை நிறுத்தி அமைதியுறும் இடங்களே. நெடுந்தூரம் நடப்போர்க்குப் பாதை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது தங்குமிடம்.

ஆற்றங்கரை வழியே பல நாள் நடந்த பயணத்தை நம் இலக்கியத்தில் தேடுவோர் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதைக்கே செல்லவேண்டும். வைகறையிற் புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரையைப் பற்றி நடக்கின்றனர். ஒரு காவதம் கடந்ததும் கண்ணகியின் மெல்லடி நோகின்றது. மதுரை எங்குளது என வினவுகின்றாள். முப்பது காதத் தொலைவை ஐந்தாறு காதமெனவும் பொருள்படுமாறு கோவலன் விடையளிக்கின்றான். அவளைத் தளரவிடாத அன்பும், உண்மையை மறைக்க நேர்ந்த துயரும் அவ்விடையில் ஒருங்கே ஒலிக்கின்றன.

பின்னர்க் கவுந்தியடிகளின் பள்ளியை அடைந்து, அவரையும் துணையாகக் கொள்கின்றனர். வயல்வழிச் சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் மடியக்கூடும் என எச்சரிக்கின்றார் அடிகள். நாளொன்றுக்கு ஒரு காவதத்தின் மேல் அவர்கள் நடக்கவில்லை. இடையிடையே பல நாள் தங்கினர். அதனாலன்றோ நாற்று நட்ட மகளிர் கள்ளுண்டு பாடிய பாட்டும், உழவரின் ஏர்மங்கலமும், களத்து முகவைப்பாட்டும் அவர்தம் செவியில் விழுந்தன! விரைந்து சென்றிருப்பின் சோழநாடு அவர்கட்கு வெறும் தூரமாகவே இருந்திருக்கும்.

மேனாட்டிலும் இவ்வுண்மை மறக்கப்படவில்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியை ஒட்டி 184 மைல் நீளும் நடைபாதை 1996இல் திறக்கப்பட்டது. முன்னாளிற் குதிரைகள் படகிழுத்துச் சென்ற கரையில் இன்று மக்கள் பல நாள் நடக்கின்றனர். வழியிலுள்ள பழைய மதுச்சாலைகளில் உண்டு, இளைப்பாறி, ஊராருடன் உரையாடுகின்றனர்.

நம் கீழ்க்கரையில் மதுச்சாலைக்கு இடமில்லை. ஆலய முன்றிலும் மரநிழலும் தண்ணீர்ப்பந்தலுமே தங்குமிடங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காம யாத்திரிகர், மாவடிப்பள்ளியின் அயலூராகிய காரைதீவைக் கடந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தை எனத் தெற்கே நடக்கின்றனர். உகந்தைக்கு அப்பால் கும்புக்கன் ஓயாவைக் கடந்து யானைகள் உலவும் காட்டினுட் புகவேண்டும். அங்கே நீர்நிலையே தங்குமிடத்தைத் தீர்மானிக்கின்றது. இறுதியில் மாணிக்க கங்கை அவர்களை வரவேற்கின்றது. அதன் கரையிலுள்ள கதிர்காமத்தில் முருகனின் சந்நிதியோடு பள்ளிவாசலும் உண்டு.

1983இன் பின் போர்ச்சூழலால் நலிவுற்ற இந்நடை, 1988இல் புத்துயிர் பெற்றது. அயலூரார் கதவைத் திறப்பர், தண்ணீர் தருவர் என்னும் நம்பிக்கை இல்லாவிடின், நெடுவழி நடக்க எவர்தாம் துணிவர்? ஊர்கள் ஒன்றையொன்று ஐயுறும் காலத்திற் பாதை இருந்தும் பயணம் இல்லை.

காரைதீவு, யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். வைகாசியிற் கண்ணகிக்குக் குளிர்த்தி நிகழும் ஊர். அதன் அருகே, நெல்வயல் சூழ்ந்த மாவடிப்பள்ளி வீதியில் மாணவரை ஒரு காலைப்பொழுது நடத்திச் சென்று நாடுகாண் காதையைக் கற்பித்தால் எத்துணை நன்றாகும்! வரப்பில் ஊரும் நண்டைக் கண்டு ஒரு மாணவன் காலை விலக்குவானாயின், கவுந்தியடிகளின் சொல் அவனுக்கு விளங்கிவிட்டதென்று கொள்ளலாம். வெயில் ஏறி, அவன் ஒரு வீட்டு வாயிலிற் தண்ணீர் கேட்டு அருந்துவானாயின், எஞ்சிய பாடத்தை அவ்வூர் அவனுக்குக் கற்பித்துவிடும்.