வலது நாற்காலியின் முதல் பாடம்

லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமானநிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் நீளம். ஏர்பஸ் ஏ-320 போன்ற ஜெட் விமானம் முழுச் சுமையோடு கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் இந்த ஊருக்கு வந்துபோன பயணிகள் விமானங்கள் புரொப்பெல்லர் சுழலும் ரகமாகவே இருந்தன. 2013 ஜனவரியில் வந்த ஸ்பைஸ்ஜெட்டும், பிறகு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் ஹைதராபாத்துக்குப் பறந்த அதே நிறுவனத்தின் சேவையும் கியூ-400 ரகம். 2024 டிசம்பர் 20-இல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கிய சேவைக்கு வந்தது, பிரான்ஸின் துலூஸ் நகரருகே தயாராகும் ஏ.டி.ஆர். 72-600.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் ஒரு பிள்ளை விமானி ஆனால், முதலில் உட்காரப் போவது இதே ஏ.டி.ஆரின் வலது நாற்காலியாக இருக்கலாம். இடது நாற்காலி கேப்டனுக்கு. வலது, ஃபர்ஸ்ட் ஆபீஸருக்கு. 'சின்ன விமானம்தானே, சில வருஷம் ஓட்டிவிட்டு ஜெட்டுக்குப் போய்விடலாம்' என்ற நினைப்போடு பயிற்சிக்குப் போகிறவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு கலையும். குட்டை ஓடுபாதை, தாழ்வான உயரம், ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குதல், கையாலேயே செய்ய வேண்டிய வேலைகள் என்று ஏ.டி.ஆர். விமானியிடம் கேட்பது அதிகம்.

லைசென்ஸ் ஒரு வாசல்தான்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம், தொழில்நுட்பம் என்று டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் வேறு. இந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதி செஸ்னா-172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் கழிந்திருக்கும். அதன் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஏ.டி.ஆர். 72-600 முழுச் சுமையில் 23 டன்.

அமெரிக்காவில் கணக்கு வேறு. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ-400 விழுந்து நொறுங்கியது. 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்று விமானமே கைப்பிடியை அதிரவைத்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அதன் தொடர்ச்சியாகவே, பயணிகள் விமானத்தின் விமானி அறையில் உட்காரப் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி அங்கே 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதைவிட, எதைப் பழகினார் என்பதுதான் கேள்வி. விமான நிறுவனத்தின் பயிற்சி அந்தக் கேள்விக்கான விடை.

தரையில் ஒரு வானம்

முதல் சில வாரங்கள் வகுப்பறைதான். மின்சாரம், ஹைட்ராலிக், எரிபொருள், காற்றழுத்தம் என்று ஒவ்வொரு அமைப்பாகப் பிரித்துப் படிக்க வேண்டும். இங்கேதான் ஏ.டி.ஆரின் விசித்திரங்கள் அறிமுகமாகும். தரையில் நிற்கும்போது மின்சாரம் தருவதற்கு ஜெட் விமானங்களின் வாலில் ஒரு தனிச் சிறு எஞ்சின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர். இறக்கையின் அசையும் பகுதிகள் கம்பிவடங்களால் கைப்பிடியோடு பிணைக்கப்பட்டவை. இடையில் கணினி இல்லை. வேகத்துக்கேற்ப எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ திராட்டிலும் இல்லை. விமானம் சொல்வதைக் கையும் காலும் நேரடியாக உணர வேண்டும்.

அடுத்தது சிமுலேட்டர். ஆறு கால்களின் மேல் நிற்கும் ஒரு மூடிய அறை. உள்ளே அசல் விமானி அறை. அறை சில அடி தூரம்தான் நகர முடியும். பிறகு எப்படி ஓடுபாதையில் ஒரு கிலோமீட்டர் வேகமெடுத்து ஓடுவதுபோல உடம்புக்குத் தோன்றுகிறது? விடை நம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் உள்ள நுண்கற்கள் உடம்பின் சாய்வையும் முடுக்கத்தையும் ஒரே மாதிரிதான் உணர்கின்றன. கண் உதவாவிட்டால் இரண்டையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. அறையை மெதுவாக 10 டிகிரி பின்னால் சாய்த்தால், புவியீர்ப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் முதுகை நாற்காலியோடு அழுத்தும். எதிரே திரையில் ஓடுபாதை விரைந்து வருவதால், மூளை அதை வேகம் என்றே எடுத்துக்கொள்கிறது.

இதே மயக்கம் அசல் வானத்தில் ஆளைக் கொல்லும். இருட்டில், வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானம் வேகமெடுக்கும்போது, மூக்கு அளவுக்கு மீறி மேலே போவதுபோல உடம்பு பொய் சொல்லும். அதை நம்பி மூக்கைத் தாழ்த்தினால் தரை வந்துவிடும். உடம்பை நம்பாதே, கருவிகளைப் படி என்று பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எந்தப் பக்கம்?

சிமுலேட்டரில் மிக அதிகமாகப் பழகுவது, கிளம்பும் நேரத்தில் ஓர் எஞ்சின் செயலிழப்பது. ஓடுபாதையில் வி-1 என்றொரு வேகம் கணக்கிடப்பட்டிருக்கும். அதற்குமுன் கோளாறு வந்தால் நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் ஒற்றை எஞ்சினோடு கிளம்பியே ஆக வேண்டும். புதுச்சேரி போன்ற 1,500 மீட்டர் ஓடுபாதையில் இந்தக் கணக்குக்கு இடம் மிகக் குறைவு. 15 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டத்தில், முழு எடையோடு கிளம்ப ஏ.டி.ஆருக்கு ஏறக்குறைய 1,300 மீட்டர் போதும். ஆனால் மே மாத வெயிலில் 38 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் திறனும் சேர்ந்தே குறையும். எடையைக் குறைக்க வேண்டியும் வரலாம்.

ஒரு பக்க எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நின்றுபோன புரொப்பெல்லர் வெறுமனே நிற்காது. காற்றைத் தடுத்து இழுக்கும். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே உள்ளங்கையை விரித்து நீட்டினால் காற்று கையைப் பின்னால் தள்ளும். கையைத் தட்டையாகத் திருப்பினால் காற்று நழுவிப் போகும். புரொப்பெல்லரின் இதழ்களையும் அப்படிக் காற்றோடு சீராகத் திருப்பிவிட வேண்டும். இதற்கு 'ஃபெதர்' செய்வது என்று பெயர். கிளம்பும்போது எஞ்சின் நின்றால், ஏ.டி.ஆர். தானாகவே அந்தப் பக்கப் புரொப்பெல்லரை ஃபெதர் செய்து, மறுபக்க எஞ்சினின் திறனையும் கூட்டிவிடும். முதல் சில நொடிகளில் விமானியின் வேலை திசை திருத்தும் ரடர் பெடலை மிதித்து விமானத்தை நேராக வைத்து, வேகத்தைக் காப்பதுதான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் காட்டப்படும் பாடம், 2015 பிப்ரவரி 4-இல் தைபேயில் நடந்தது. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-600 கிளம்பிய சிறிது நேரத்தில், ஒரு மின்னணுப் பகுதியின் கோளாறால் வலது புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட்டார். தவறு புரிந்தபோது உயரம் மிச்சமில்லை. கிளம்பிய ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானிகளிடம் எஞ்சின் கோளாறு பற்றி வாய்மொழித் தேர்வு நடத்தியபோது பத்துப் பேர் தேறவில்லை.

2023 ஜனவரி 15-இல் நேபாளத்தின் பொக்காராவில் விழுந்த யெட்டி ஏர்லைன்ஸ் விமானமும் ஏ.டி.ஆர். 72 குடும்பம்தான். புதிதாகத் திறந்த விமானநிலையத்துக்குக் கேப்டன் ஒருவரைப் பழக்கப்படுத்தும் பறப்பு அது. இறங்கும் முன் இறக்கையின் ஃபிளாப் லீவரை நகர்த்துவதற்குப் பதிலாக, அருகே இருந்த, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் இரண்டும் ஃபெதர் நிலைக்குத் தள்ளப்பட்டன. எஞ்சின்கள் ஓடின, உந்துவிசை இல்லை. 72 பேரும் இறந்தார்கள். தவறான லீவரைத் தொட்டது புதியவர் அல்ல, பழக்கப்படுத்த வந்த பயிற்றுநர்.

இதனால்தான், எந்த லீவரை நகர்த்தும் முன்பும் ஒருவர் அதன் பெயர் சொல்லிக் கைவைக்க வேண்டும். மற்றவர் பார்த்து 'கன்ஃபர்ம்ட்' என்ற பிறகே நகர்த்த வேண்டும். வலது எஞ்சினா இடதா என்று தெரிய ஒரு சின்ன உத்தியும் உண்டு: எந்தக் காலுக்கு மிதிக்கும் வேலை இல்லையோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது. 'டெட் லெக், டெட் எஞ்சின்' என்பார்கள். முடிவை அதோடு விடாமல் கருவிகளிலும் சரிபார்க்க வேண்டும்.

வெயில் ஊரில் பனிக்கட்டி

புதுச்சேரியில் படித்த பிள்ளைக்கு அடுத்த பாடம் ஆச்சரியமாக இருக்கும். வெப்பமண்டலத்திலும் தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, சுமார் 16,000 அடி. ஜெட் விமானங்கள் இந்த அடுக்கைச் சில நிமிடங்களில் கடந்து 35,000 அடிக்குப் போய்விடும். ஏ.டி.ஆரின் உச்சவரம்பு 25,000 அடி. பருவமழை மேகங்களுக்குள், பூஜ்யத்துக்குக் கீழும் உறையாமல் திரவமாகவே மிதக்கும் துளிகள் இருக்கும் அடுக்கிலேயே அது நீண்ட நேரம் பறக்கிறது. இறக்கை பட்டதும் அந்தத் துளிகள் உறையும். இறக்கையின் வடிவம் மாறும், தூக்குவிசை குறையும், எந்த வேகத்தில் விமானம் நிலைகுலையும் என்ற கணக்கும் மாறும்.

1994 அக்டோபர் 31-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே விழுந்த ஏ.டி.ஆர். 72-இல் 68 பேர் இறந்ததற்குக் காரணம் இப்படி உறைந்த பனிதான். அதன்பின் இறக்கை முகப்பில் காற்றால் உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகளின் பரப்பு நீட்டப்பட்டது. பனி படிந்து விமானம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை என்றால் எச்சரிக்கும் கருவியும் பிறகு வந்தது. பயிற்சியில் இந்த எச்சரிக்கைகளுக்கு என்ன செய்வது என்பது மனப்பாடமாக வேண்டும்: வேகத்தைக் கூட்டு, பனி உள்ள அடுக்கை விட்டு வெளியேறு, நிலைகுலைந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்து.

பயணிகளோடு முதல் நாள்

சிமுலேட்டர் தேர்வுக்குப் பின் காலி விமானத்தில் ஏறி இறங்கிப் பழக வேண்டும். அதன்பின்தான் பயணிகள் இருக்கும் அசல் சேவை. பயிற்சிக் கேப்டன் இடதில் இருப்பார். ஆரம்பத்தில் பின்னால் இன்னொரு விமானியும் துணைக்கு இருப்பார். புதியவருக்கு இந்தக் கட்டத்தில் திணறல் ஏற்படுத்துவது பறப்பதல்ல, அதில் வரும் நேர நெருக்கடி. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பில் ஏறுதல், வானிலை பார்த்தல், கட்டுப்பாட்டு அறையோடு பேசுதல், இறங்கத் தயாராதல் எல்லாம் நெருக்கியடித்து வரும். ஓடுபாதைக்கு வரும்போது வேகமோ உயரமோ குறித்த அளவுக்குள் இல்லை என்றால் இறங்காமல் மீண்டும் மேலேறிச் சுற்றி வருவதுதான் சரியான செயல். அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. குட்டை ஓடுபாதையில் எப்படியும் இறங்கிவிடலாம் என்று பார்ப்பதுதான் குறை.

வாழ்க்கை முறையும் மாறும். பறக்கும் முன் மூச்சுப் பரிசோதனை. முதல் முறை மது தெரியவந்தால் மூன்று மாதத் தடை. டி.ஜி.சி.ஏ. விதியில் மவுத்வாஷுக்குக்கூட இடமில்லை, அதில் ஆல்கஹால் இருப்பதால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் மறுபடி சோதனை உண்டு. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அது நிற்காது. டைப் ரேட்டிங் எனப்படும் விமான ரகப் பயிற்சியின் செலவை விண்ணப்பதாரரே ஏற்பதும் உண்டு. நிறுவனம் ஏற்றால் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். பெற்றோர் இதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தயாராக விரும்பும் மாணவருக்கு ஒன்று சொல்லலாம். திசையன், சராசரி வேகம், வாயு விதிகள் போன்ற பாடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். அவையே நாளை எடைக் கணக்காகவும், காற்றின் திசைத் திருத்தமாகவும், வி-1 வேகமாகவும் வரும். இன்னொன்று, கேள்வி கேட்கும் பழக்கம். நம் வகுப்பறைகளில் பெரியவரிடம் 'சார், அது தவறு' என்று சொல்வது மரியாதைக் குறைவு. விமானி அறையில் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். 1,500 மணி நேரம் நிறைந்து, மேல்நிலை உரிமம் பெற்று இடது நாற்காலிக்கு ஒருவர் மாறலாம். அவர் கேப்டனாகத் தேறிவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? வலதில் உட்காரும் 200 மணி நேரப் பிள்ளை, அவர் கை தவறான லீவர் பக்கம் போகும்போது தயங்காமல் தடுக்கும் துணிச்சலை அவரிடமிருந்தே பெற்றிருக்கும்போது.