உப்பிட்ட கஞ்சி

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்து, உப்பிட்டு, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் புகட்டுவது தமிழர் வீடுகளில் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் பயன் தருவதன் காரணத்தை உடலியல் விளக்குகிறது.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் நீரிழப்பே. நீரோடு உப்புகளும் வெளியேறுவதால் வெறும் நீர் அவ்விழப்பை ஈடுசெய்யாது. சிறுகுடற் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருசேர உள்ளிழுக்கும் புரதங்கள் உள்ளன. அவை ஒன்றின் துணையின்றி மற்றொன்றை ஏற்பதில்லை. இரண்டும் நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோசாகிறது. உப்பு சோடியத்தைத் தருகிறது.

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லையோர நகரான பன்காவில் தங்கியிருந்த ஏதிலியரிடையே காலரா பரவியது. நரம்புவழிச் செலுத்தும் நீர்மம் தீர்ந்துவரவே, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதனைப் புகட்டியவர்களுள் நோயாளிகளின் உறவினரும் இருந்தனர். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது. அவர் மறைந்த பின்னர், 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பொட்டலமாகக் கிடைக்கும் உயிர்காக்கும் உப்புக் கரைசல் தூளே முதன்மையானது. அதில் பொட்டாசியமும் உண்டு. அது கிட்டாத வேளையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். சமையலில் போற்றப்படும் கைப்பக்குவமும் கண்ணளவும் இங்குச் செல்லா. உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. சர்க்கரை மிகுந்தால் போக்கு கூடும். சுவைத்துப் பார்க்கையில் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரைத்ததை ஒரு நாளுக்குமேல் வைத்திருத்தலும் தகாது.

வீட்டு வழக்கம் என்பதாலேயே எல்லாம் ஏற்புடையன ஆகா. போக்கு நிற்கும்வரை வயிற்றைக் காயப்போட வேண்டுமென்று நீரையும் பாலையும் நிறுத்துவோர் இன்றும் உளர். அது நீரிழப்பை மேலும் கூட்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கஞ்சி கொடுக்காமல் மருத்துவரை நாட வேண்டும். எவ்வயதினராயினும், கண்கள் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, அருந்த இயலாது போனாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். செல்லும் வழியிலும் அருந்த முடிந்தவரை கரைசலைப் புகட்டலாம்.