ஒயரை மாற்றினேன்... ஒன்பதாயிரம் மிச்சம்!

போன வருடம் ஆவணியில் சீட்டு எடுத்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி, பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்று வாங்கினோம். அடிப்படை மாடல் என்பதால் பாட்டுப் பெட்டி கிடையாது. மாசம் ஒரு தடவை, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரணும். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாக ஒரு தடவை போக சுமார் நாற்பது கிலோமீட்டர். "பாட்டு இல்லாம எப்படிம்மா அவ்வளவு தூரம்?" என்று மகள் ஒரே பிடிவாதம். எங்க வீட்டுக்காரருக்கும் ஆசைதான். பதினோராயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மேற்கொண்டு போனால் மகளின் ஸ்கூல் பீஸில்தான் கை வைக்கணும்.

டவுனில் ஒரு கடையில் புளூடூத் செட் ஒன்றும், முன் கதவு இரண்டுக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் மாட்டினோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பாட்டில் உயிரே இல்லை. தவில் அடிப்பது தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கு. பாடுகிறவர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டோம். "சின்ன ஸ்பீக்கர்ல பேஸ் இவ்வளவுதான் சார் வரும். டிக்கியில ஒரு ஊஃபர் பாக்ஸ், அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வெச்சிட்டா அதிரும். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார் கடைக்காரர். "ஒயர் எல்லாம் சரியா மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். "அக்கா, இது ஆம்பளைங்க சமாச்சாரம். நீங்க உள்ளே ஏசியில உட்காருங்க" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்" என்று இவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு இந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி என்று எந்த விசேஷமானாலும் அப்பா கட்டின குழாய்தான் பாடும். சின்ன வயசில் ஒயர் சுற்றிக் கொடுப்பது என் வேலை. "செட்டு சரியா கேக்கலைன்னா, கூட ரெண்டு குழாய் கட்டுறது கடைசி வேலை. மொத வேலை ஒயரைப் பாக்குறது" என்று அடிக்கடி சொல்வார். அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சு. அந்த வார்த்தை மட்டும் மனசில் அப்படியே இருக்கு.

அன்று சாயங்காலம் காரில் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம், செலவே கிடையாது. செட்டில் 'பேலன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை முழுக்க இடது பக்கம் தள்ளினேன். ஒரே ஒரு ஸ்பீக்கர் பாடுகிறது, ஆனால் தவில் நன்றாகக் கேட்கிறது! வலது பக்கம் மட்டும் வைத்தாலும் அப்படியே. நடுவில் வைத்து இரண்டும் சேர்ந்து பாடினால் பேஸ் காணாமல் போகிறது. இரண்டு ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் கூடணும், குறையக் கூடாது இல்லையா?

அப்போதே புரிந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ், மைனஸ் மாறிக் கிடக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே பின்னே அசைந்து காற்றைத் தள்ளுவதால்தான் சத்தம் வருகிறது. ஒன்று காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் இன்னொன்று இழுத்தால், பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இரண்டு பேர் உலக்கை போடும்போது தாளம் தப்பினால் நெல் குத்துப்படுமா? அது போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இவர் கதவு அட்டையைக் கழற்ற, மகள் டார்ச் பிடித்தாள். செட்டை வெளியே இழுத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினோம். (செட்டோடு சேர்ந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.) கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல் ஒன்றை எடுத்து, பிளஸ் ஒயரில் செல்லின் பிளஸ், மைனஸ் ஒயரில் மைனஸ் என்று ஒரு நொடி மட்டும் தொட்டேன். இடது கதவு ஸ்பீக்கர் வெளியே தள்ளியது. அதுதான் சரி. வலது கதவு ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது! ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டினேன். வேலை ஐந்தே நிமிஷம். பாட்டைப் போட்டதும் இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! ஒன்பதாயிரத்து ஐந்நூறு மிச்சம்.

அந்தச் சந்தோஷத்தில், பட்ஜெட்டில் பாக்கியிருந்த பணத்தில் இன்னொரு வேலையும் செய்தோம். கதவின் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அதன் வழியாக முன்னால் கசிந்து பேஸைக் கெடுக்கும். அதற்கென்றே பியூட்டைல் ஷீட் விற்கிறது. அந்த ஓட்டைகளை அடைத்து, தகட்டிலும் ஒட்டினால் கதவு கடகடக்காது. ஆனால் கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துவாரங்களை மட்டும் அடைக்கவே கூடாது, துரு பிடித்துவிடும்.

எங்களுக்கு ஆன கணக்கு: செட் 4,800 ரூபாய், ஸ்பீக்கர் ஜோடி 3,200, ஷீட் 1,600, கப்ளர், கிளிப் வகையறா 400, கூலி 1,000. மொத்தம் 11,000 ரூபாய்.

வாங்கப் போகும் சகோதரிகள் கவனிக்க இன்னும் சில விஷயங்கள்:

* அட்டைப் பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கார் பேட்டரி 12 வோல்ட். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சொச்சம். அதை வைத்துக்கொண்டு சாதாரண செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 20 வாட்ஸ் அளவில்தான் இருக்கும். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதுதான் நிஜமான கணக்கு.

* ஸ்பீக்கரில் 'சென்ஸிடிவிட்டி' எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால், பாதி வாட்ஸிலேயே அதே சத்தம் வரும். ஆம்ப்ளிஃபயர் வாங்காமல் சமாளிக்க இதுதான் வழி.

* பணத்தை முன் ஸ்பீக்கரில் போடுங்கள். பின்னால் நாலு ஸ்பீக்கர் வைப்பதைவிட முன்னால் நல்லதாக இரண்டு மேல்.

* காரின் ஒயரை வெட்ட விடாதீர்கள். கப்ளர் என்று சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. வெட்டாமல் அப்படியே சொருகலாம். செட்டின் ஒயர்களில் பொதுவாக வெள்ளை இடது முன் ஸ்பீக்கருக்கு, சாம்பல் வலது முன் ஸ்பீக்கருக்கு. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது மைனஸ்.

* மாட்டி முடித்ததும் கடையிலேயே கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக் கூடாது. பேலன்ஸ் சோதனையையும் அங்கேயே செய்துவிடுங்கள்.

* ஆம்ப்ளிஃபயர் வைத்தே தீருவேன் என்பவர்கள், பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கார் பாடி முழுக்க மைனஸ். ஃபியூஸ் இல்லாத ஒயரின் தோல் உரசித் தகட்டில் பட்டால் தீப்பிடிக்கும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

* அதிர வைப்பது நல்ல செட்டுக்கு அடையாளம் அல்ல. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு சொல்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழணும். அந்த அளவே போதும்.

அடுத்த மாசம் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தோம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வழக்கமாக, வண்டியில் ஏறினால் ஆஸ்பத்திரி வரைக்கும் வாயே திறக்க மாட்டார். சத்தத்தைக் கூட்டாமல் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். செக்கானூரணி தாண்டும்போது அம்மாவின் விரல் மடியில் தாளம் போட்டது. "ஏத்தா, நம்ம செட்டு மாதிரியே தெளிவா கேக்குதே, யாரு மாட்டுனா?" என்று கேட்டார்.

இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "உங்க மகதான் அத்தை" என்றார். அம்மா அப்புறம் ஊர் வரும் வரைக்கும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அப்பா போன பிறகு அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

'ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிப் போகாதீர்கள் சகோதரிகளே. கொடுக்கிற காசு நம் குடும்பத்துக் காசு. கேள்வி கேட்க நமக்கும் உரிமை உண்டு!

– ஒரு வாசகி, மதுரை – 16.